கத்திக்கொண்டே கேட்கும் பெட்டி

நாகரசம்பட்டியில் ஒரு மொட்டை மாடியில் நின்று, கையிலிருக்கும் 5 வாட் வானொலிச் செட்டின் பொத்தானை அழுத்தி ஓசூரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பொத்தானை விட்டதும் வருவது அடுப்பில் எண்ணெய் காய்வது போன்ற ஓர் இரைச்சல் மட்டும்தான். நேர்கோட்டில் பார்த்தால் ஓசூர் இங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் பெங்களூரு. இந்தியாவில் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் அதிகம் இருக்கும் நகரங்களில் அதுவும் ஒன்று. அங்கே சாயங்காலமானால் காற்றலையில் திண்ணைப் பேச்சு. இங்கே வெறும் இரைச்சல்.

செட்டில் கோளாறு இல்லை. தரையில்தான் கோளாறு. ஓசூர் மைசூர் பீடபூமியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர். சூளகிரி தாண்டி மேலுமலைக் கணவாயில் லாரிகள் கியரைக் குறைத்து முனகிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் புரியும். அங்கே நிலம் படியிறங்கிவிடுகிறது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, நாகரசம்பட்டி எல்லாம் அந்தப் படிக்குக் கீழே, பழைய பாராமகால் சமவெளியில், ஓசூரின் பாதி உயரத்தில் இருப்பவை. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மாடி அறையில் இருப்பவன் முகம் தெரியாது. ஹாம்கள் உள்ளூர்ப் பேச்சுக்குப் பயன்படுத்தும் 145 மெகா ஹெர்ட்ஸ் அலையும் கிட்டத்தட்ட நம் கண் மாதிரிதான், நேரே பார்க்கத்தான் அதற்குத் தெரியும். மலை விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும். அந்த மிச்சத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எத்தனை கிலோமீட்டர் வரை 'பார்க்கும்' என்று கிடைக்கும். முகத்துக்கு நேரே பிடித்த கைச் செட் 1.5 மீட்டர் உயரம் என்றால் 5 கிலோமீட்டர். மொட்டை மாடியில் குழாய் நட்டு 10 மீட்டருக்கு ஏற்றினால் 13. ஏற்காட்டில் சமவெளிக்கு 1,000 மீட்டர் மேலே கொண்டுபோய் வைத்தால் 130. வாட்டைக் கூட்டிப் பார்த்தால் என்ன? 5 வாட்டை 50 வாட் ஆக்கினாலும் அடிவானம் ஓர் அங்குலம்கூடத் தள்ளிப்போகாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வாட்டைத்தான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

கொடைக்கானல் பண்பலையைக் கேட்டு வளர்ந்த தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. 100.5 மெகா ஹெர்ட்ஸில் அந்த நிலையத்தின் 10 கிலோவாட்டுக்குக் கிடைத்த பேரில் பெரும்பங்கு பழனி மலைக்குத்தான் சேர வேண்டும். அதே கருவியை மதுரை டவுனில் வைத்திருந்தால் அது மதுரை வானொலியாகவே இருந்திருக்கும்.

ஆனால் எல்லோரும் மலையில் குடியிருக்க முடியாது. மலையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு நாம் கீழேயே இருந்துகொள்ளலாம். அந்தப் பெட்டிக்குத்தான் ரிப்பீட்டர் என்று பெயர். கீழே ஒருவர் மெல்லிய குரலில் சொல்வதை மலைமேலிருந்து கேட்டு, அதே நொடியில், உரத்த குரலில் நாலு பக்கமும் திருப்பிச் சொல்வது அதன் வேலை. ஒரு செட்டுக்கு மலை தெரிந்தால் போதும், இன்னொரு செட்டுக்கும் அதே மலை தெரிந்தால் போதும். இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரிய வேண்டியதில்லை. ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைகளில் தமிழ்நாட்டு ஹாம்கள் ரிப்பீட்டர்கள் வைத்து நடத்தி வந்தது இதற்காகத்தான். நாகரசம்பட்டிக்கு நேர் தெற்கே 60 கிலோமீட்டர் வாக்கில் ஏற்காடு. காகிதத்தில் எட்டும் தூரம். ஆனால் வழியில் தருமபுரிக்குப் பக்கத்தில் வத்தல்மலை கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே இந்த ஊரில் ஆன்டெனா கட்டுகிறவன் கடைக்குப் போகும் முன் நிலவரைபடத்தை விரித்து, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டு, கோட்டின் கீழே எந்த மேடு எத்தனை உயரம் என்று எழுதிப் பார்க்க வேண்டும். 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனும் இந்த வேலையைத்தான் செய்தார். எந்தக் குன்றிலிருந்து எந்தக் குன்று தெரியும் என்பதே அவருடைய கேள்வி. அவர் கையில் தியோடலைட், நம் கையில் ஆன்டெனா.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. ரிப்பீட்டரின் வேலை உரக்கப் பேசுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பேசுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். அங்கேதான் பொறியாளர்களுக்கு வேர்த்துக் கொட்டும்.

எண்களைப் பாருங்கள். நல்ல ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் அளவுள்ள அலையைக்கூடப் பிடித்துவிடும். பக்கத்திலேயே, அதே கம்பத்தில், அதே ஆன்டெனாவில், டிரான்ஸ்மிட்டர் 25 வாட்டில் கத்திக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு திறன்களுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்ல ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி, வந்ததை மறுபடி 300-ஆல் பெருக்க வேண்டும். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குள் தலையை விட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் கொசு பறப்பதைக் கேட்கச் சொல்வது போன்ற வேலை. இரண்டுக்கும் அலைவரிசை வேறுதான், ஆனால் எவ்வளவு வேறு? இந்தியாவில் ஹாம்களுக்கு இந்தப் பகுதியில் கிடைப்பது 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய சந்து. அதற்குள் கேட்பதையும் சொல்வதையும் 600 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி வைப்பது வழக்கம். 145.0-இல் கேட்டால் 145.6-இல் சொல்லும். அரை சதவீதம்கூட இல்லாத இடைவெளி.

தொல்லை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, பக்கத்து டிரான்ஸ்மிட்டரின் வேகத்தில் ரிசீவரின் முன்பகுதி மிரண்டு மரத்துப்போகிறது. இன்னொன்று இன்னும் மோசம். எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசையில் மட்டும் சுத்தமாகப் பேசுவதில்லை. இரு பக்கமும் மெல்லிய தூசியைக் கிளப்பிக்கொண்டேதான் பேசும். அந்தத் தூசியில் ஒரு துளி கேட்கும் அலைவரிசையின் மேல் விழுந்தால் போதும், தூரத்து ஆளின் குரல் புதைந்துவிடும். ஆக ரிசீவரின் வாசலில் ஒரு காவலாளி, டிரான்ஸ்மிட்டரின் வாசலில் ஒரு காவலாளி, இரண்டு பேரும் தேவை. ஆன்டெனாக்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பத்து மீட்டர் விலக்கி வைத்தும் சமாளிக்கலாம். அதற்குக் கோபுரம் வேண்டும். பொழுதுபோக்குக்காரர்கள் டூப்ளெக்ஸர் என்ற காவலாளிக் கூட்டத்தைத்தான் நம்புகிறார்கள்.

டூப்ளெக்ஸரைப் பார்த்தால் ஏதோ பால் சொசைட்டியில் இருந்து கொண்டுவந்தது போல இருக்கும். அரை மீட்டருக்கு மேல் உயரமான நாலு அல்லது ஆறு உலோக உருளைகள், இடையில் கேபிள்கள். உள்ளே மின்னணுப் பொருள் எதுவும் கிடையாது, நடுவில் ஒரு கம்பி மட்டும். 145 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 52 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் கம்பி இருக்கும். ஜலதரங்கக் கிண்ணத்தைத் தட்டினால் அது தன் சுரத்தை மட்டும் பாடும். நீரைக் கூட்டிக் குறைத்தால் சுரம் மாறும். இந்த உருளைகளும் அப்படித்தான். கம்பியைத் திருகி ஏற்றி இறக்கி ஒவ்வோர் உருளையையும் ஒரு சுரத்துக்குக் கட்டிவைக்கிறார்கள். பாதி உருளைகள் டிரான்ஸ்மிட்டரின் சுரத்தை ரிசீவர் பக்கம் விடாமல் விழுங்கும். மீதிப் பாதி, டிரான்ஸ்மிட்டர் கிளப்பும் தூசியில் ரிசீவரின் சுரத்தை மட்டும் வடித்துவிடும். நன்றாகச் செய்த ஒன்று 600 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் 80 டெசிபெலுக்கு மேல் தடுக்கும், அதாவது 10 கோடியில் ஒரு பங்கைத்தான் கசிய விடும். மிச்சத்தை ரிசீவரின் சொந்த வடிகட்டிகள் பார்த்துக்கொள்ளும்.

இதைக் கடையில் வாங்கினால் விலை கனமாக இருக்கும் என்பதால் பலர் தாமே செய்யப் பார்க்கிறார்கள். அதற்கு இந்த வட்டாரத்தைவிடத் தோதான இடம் குறைவு என்பது என் எண்ணம். ஓசூர் சிப்காட்டைச் சுற்றிய தெருக்களில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. வண்டி பாகங்களை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குத் துல்லியத்தில் கடைந்து பழகிய கைகள். ஆனால் கடைவதோடு வேலை முடிவதில்லை. அலுமினியம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். மலைமேல் தகரக் கொட்டகைக்குள் விடியற்காலையில் 15 டிகிரி, மத்தியானம் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அலுமினியக் கம்பி போட்ட உருளையின் சுரம் கிட்டத்தட்ட 100 கிலோ ஹெர்ட்ஸ் நழுவியிருக்கும். 600-இல் 100 போனால் காவலாளி தூங்கிவிட்டான் என்று அர்த்தம். காலையில் கணீரென்று பேசிய ரிப்பீட்டர் மத்தியானம் செவிடாவதற்கு இது ஒரு காரணம். இதனால்தான் கம்பிக்கு மட்டும் இன்வார் என்ற நிக்கல்–இரும்புக் கலவையைத் தேடுகிறார்கள். அது நீள்வது அலுமினியத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான்.

அதே ஓசூரில் டைட்டன் ஆலை கைக்கடிகாரம் செய்கிறது. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை துடிக்கும் ஒரு கல் துண்டு இருக்கிறது. செட்டுகளை அலைவரிசை மாறாமல் பிடித்து நிறுத்துவதும் அந்தக் கல்லின் சகோதரன்தான். நேரத்தைக் காப்பதும் அலைவரிசையைக் காப்பதும் ஒரே வேலை என்பது யோசித்துப் பார்த்தால்தான் தோன்றும்.

இனி ரிப்பீட்டரின் காதைத் தேவையில்லாதவற்றிடமிருந்து காப்பது. உயரத்தில் இருக்கும் காதுக்கு நல்லதும் கேட்கும், கெட்டதும் கேட்கும். மலைமேல் பக்கத்தில் இருக்கும் செல்போன் கோபுரம், ஆலைகளின் மோட்டார் இரைச்சல், துருப்பிடித்த போல்ட் ஒன்று இரண்டு அலைகளைக் கலந்து உண்டாக்கும் மூன்றாவது அலை, எல்லாமே கதவைத் தட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பேட்டரி ஒரே நாளில் தீர்ந்துபோகும். அதற்காக ஒரு சாவி ஏற்பாடு உண்டு. நம் செட் நம் குரலோடு சேர்த்து 67 முதல் 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஏதாவது ஒரு தாழ்ந்த ஸ்வரத்தை முணுமுணுத்துக்கொண்டே அனுப்பும். ஸ்பீக்கர் அதை வடிகட்டிவிடுவதால் காதில் விழாது. ரிப்பீட்டர் அந்த முணுமுணுப்பு இருந்தால்தான் வாயைத் திறக்கும். புதியவர்கள் அலைவரிசையைச் சரியாக வைத்துவிட்டு டோன் எனப்படும் இந்த முணுமுணுப்பை மறந்து, ரிப்பீட்டர் செத்துப்போய்விட்டது என்று அறிவிப்பது அடிக்கடி நடக்கும் வேடிக்கை. 600 கிலோ ஹெர்ட்ஸ் விலக்கத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்புவது அதற்கு அடுத்தது.

கிடைத்ததை வைத்துக் கட்டும் ஆன்டெனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசுக்கு அதிகப் பலன் அங்கேதான். ஒரு பேனல் சாக்கெட், 49 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து பித்தளை அல்லது செம்புக் கம்பிகள். ஒன்று நேர் மேலே, நாலு கீழ்நோக்கி விரிந்து, கவிழ்த்த குடைக் கம்பி போல. அவ்வளவுதான். செட்டோடு வரும் ரப்பர் குச்சியைவிட இது பல மடங்கு மேல். ஆனால் கேபிளில் கஞ்சத்தனம் காட்டினால் எல்லாம் போச்சு. மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் 15 மீட்டர் போட்டால் பாதித் திறன் வழியிலேயே சூடாகிக் கரைந்துவிடும். தடித்த ஆர்ஜி 213-இல் ஏறத்தாழ கால் பங்கு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு மெல்லிய கேபிளை இழுத்து விடுகிறவர், கிணற்றை ஆழமாக வெட்டிவிட்டு ஓட்டை வாளியைக் கட்டுகிறவர். அப்புறம் சித்திரை, வைகாசியில் இங்கே இடியோடு வரும் கோடை மழை. மாந்தோப்புக்காரர் காற்றுக்குப் பயப்படுவார், ஆன்டெனாக்காரர் இடிக்கு. கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவதைவிட நல்ல பாதுகாப்பை நான் கண்டதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையக் கடையில் பெட்டி வாங்கிவிட்டு அப்புறம் விழிப்பவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் யாரும் பேசலாம் என்று இந்தியாவில் விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் வாக்கி டாக்கிகள், 27 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் சிட்டிசன் பேண்ட், இவைதான். கண்டபடி விற்கப்படும் செட்டுகளைப் பற்றி 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத் தளங்களுக்குத் தனி வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. ஹாம் அலைவரிசைக்கு மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வை எழுத வேண்டும். 12 வயது நிரம்பினால் போதும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். முன்னவருக்கு விக்டர் யூனிபார்ம் த்ரீ என்றும், பின்னவருக்கு விக்டர் யூனிபார்ம் டூ என்றும் தொடங்கும் அழைப்புக்குறி. ராஜீவ் காந்தியும் அந்தக் குறியோடு பேசியவர்தான். ரிப்பீட்டர் வைக்கத் தனி அனுமதி. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியக் குறியீடு கூடாது.

பாட்டுப் போடக் கூடாது என்பதில் ஒரு சரித்திர முரண் இருக்கிறது. இந்தியாவில் 1921-லேயே அமரேந்திர சந்திர கூப்து அமெச்சூர் நிலையம் நடத்தினார். அதற்கு மூன்றே ஆண்டு கழித்து, 1924 மே 16-ல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31-ல் ஒலிபரப்பு. ஆர்வலர்கள் சங்கம் சேர்த்து, கைக்காசு போட்டு, பாட்டும் பேச்சுமாகக் காற்றில் விட்டதுதான் இந்நாட்டு வானொலியின் தொடக்கங்களில் ஒன்று. 1927-ல் பணம் தீர்ந்து, கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. ஒலிபரப்பு அரசின் சொத்தாகிவிட்ட பிறகு ஆர்வலர்களுக்கு மிஞ்சியது உரையாடல் மட்டும்.

அந்த உரையாடல் எதற்கு ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஹாம்கள் 2004 டிசம்பர் 26-ஐச் சொல்வார்கள். ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் உலக ஹாம்களோடு பேசுவதற்காக அப்போது போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தார். சுனாமியில் கடல் எழுந்து வந்ததும் அந்த விளையாட்டு நிலையமே அந்தமானுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவே செய்திப் பாலமாயிற்று. உண்மையான பெருமைதான். ஆனால் அது ரிப்பீட்டரின் கதை அல்ல. அது குறைந்த அலைவரிசையில், அயனி மண்டலத்தில் எகிறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் அலையின் கதை. நம் வட்டாரத்துக்கு வேண்டியது வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகள் பொம்மை மாதிரி உருண்டு போயின. அப்படிப்பட்ட இரவில் ஊத்தங்கரைக்காரருக்கு அந்தமான் தேவையில்லை, போச்சம்பள்ளி கிடைத்தால் போதும். செல்போன் கோபுரம் டீசலையும் கண்ணாடி இழைக் கேபிளையும் நம்பி நிற்கிறது. சூரியத் தகட்டையும் ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரியையும் மட்டும் நம்பும் பெட்டி ஒன்று ராயக்கோட்டைப் பக்கமோ கிருஷ்ணகிரி கோட்டை மலைப் பக்கமோ இருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர். பேசும்போதுதான் 6 ஆம்பியர். அடக்கமாகப் பேசினால் மழை மூட்டத்திலும் ஒன்றிரண்டு நாள் ஓட்டிவிடலாம்.

அதுவரை எனக்கு இருக்கும் மலை வானத்தில்தான். 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட், 435 மெகா ஹெர்ட்ஸில் கேட்டு 145-இல் திருப்பிச் சொன்ன இந்தியச் செயற்கைக்கோள். 2014 வரை உழைத்தது. இரண்டு அலைவரிசையும் இவ்வளவு தள்ளி இருந்தால் பால் கேன் உருளைகள் தேவையில்லை, சிறிய வடிகட்டி போதும் என்பதுதான் அதன் சூட்சுமம். இன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் அதே பாணியில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. 145.990-இல், 67 ஹெர்ட்ஸ் டோனோடு கூப்பிட வேண்டும், 437.800-இல் பதில் வரும். சுமார் 400 கிலோமீட்டர் உயர மலை என்பதால் மேலுமலையும் கணக்கில்லை, வத்தல்மலையும் கணக்கில்லை. ஒரே குறை, அந்த மலை ஓடிக்கொண்டே இருக்கிறது. அடிவானத்தில் ஏறி மறுபக்கம் இறங்கப் பத்து நிமிடம். வரும்போது பதில் 10 கிலோ ஹெர்ட்ஸ் வரை மேலே தள்ளிக் கேட்கும், போகும்போது அதே அளவு கீழே, ரயில் ஊதல் கடந்து போவது போல.

முதல் தடவை ஒரு கையில் பேசும் செட்டும் மறு கையில் கேட்கும் செட்டுமாக நின்றேன். பொத்தானை அழுத்தியதும் கேட்கும் செட் ஊமையாகிவிட்டது. மூன்று தடவை நிலையம் கடந்து போன பிறகுதான் உறைத்தது. 145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970. என் செட் கிளப்பிய தூசி நான் கேட்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. மலைமேல் ரிப்பீட்டர் படும் பாட்டை நான் என் மாடியில் பட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் அக்கா மகனிடம் கேட்கும் செட்டைக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், மாடியின் கோடிக்குப் போய் நிற்கச் சொன்னேன். தென்மேற்கில் நிலையம் ஏறியது. அழுத்தினேன், அழைப்புக்குறியைச் சொன்னேன்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது: "மாமா, உங்க குரல் மேலேருந்து வருது!"